போர்டில் பர்த்டே என்று எழுதியிருந்தது

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஷார்ஜாவில் மகன் வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஹோட்டல் என்னை விட்டபாடில்லை. போன மாதம் விருந்துகள் நடத்தும் பழைய பாங்க்வெட் டிபார்ட்மெண்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், விருந்து விவரம் எழுதுற போர்டு இனிமே கிடையாதாம். எல்லாம் டேப்லட்ல வந்துரும். கெஸ்ட் என்ன கேட்டாலும் அப்பவே மாத்திக்கலாம்" என்றாள். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"அப்பவே மாத்திக்கலாமா? எந்தப் புத்திசாலி சொன்னான் அப்படி?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டு, "அந்த ரஷ்யாக்காரர் கேக் கதைய எழுதிக் குடுங்க மேடம். புதுசா வந்தவங்க ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்றாள். கண் காது மூக்கு வைத்துச் சொல்லிச் சொல்லி அந்தக் கேக் இப்போது மூன்று அடுக்காகிவிட்டதாம். பொய். ஒரே அடுக்குதான். கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் பிலோமினா. ஊர் தூத்துக்குடி. வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போனதும், "பொம்பளை தனியா கடல் தாண்டிப் போறாளா?" என்று கேட்டவர்களிடம் "நீங்க வந்து உலை வைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பியவள். குவைத்தில் ஃபஹாஹீல் பக்கம் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைத்தேன். பிறகு துபாய்க்கு வந்து தேராவில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். தட்டு கழுவிய கை தட்டு தூக்கியது. தட்டு தூக்கிய கை கடைசியில், பரிமாறுகிறவர்களை மேய்க்கும் பாங்க்வெட் கேப்டனின் கறுப்புக் கோட்டை மாட்டியது. அவ்வளவுதான் என் படிப்பு.

மிச்சத்தை எல்லாம் கற்றுக்கொண்டது எங்கள் மேனேஜரிடம். யோகநாதன் சார், யாழ்ப்பாணத்துக்காரர். விருந்து தொடங்குமுன் ஹாலைச் சுற்றி வருவார். ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் இரண்டு விரலால் தொடுவார். ஆடுகிற நாற்காலி இருந்தால் விரல் நின்றுவிடும். பிறகு மேசை மட்டத்துக்குக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடித் தம்ளர்களின் வரிசையைப் பார்ப்பார். ஒன்று விலகியிருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். வரிசைப்படுத்தியவரை மட்டும் பார்ப்பார். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். "நல்லது... நல்லது..." என்று காதுக்கு எட்டாத குரலில் சொன்னாரென்றால் யாரோ ஒருவருக்குக் கேடு காலம் என்று அர்த்தம்.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள நடையில் ஒரு வெள்ளை போர்டு. அதில் எழுதும் உரிமை அவருக்கு மட்டும்தான். இன்று என்ன விசேஷம், யார் பெயரில், தலைமை மேசைக்கு யார் பரிமாறுவது, கேக் உண்டா இல்லையா. எல்லோரும் போர்டு முன்னால் நின்று அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதியாகிவிட்டால், கடைசி விருந்தாளி போகும்வரை ஒருவரும் அழிக்கக் கூடாது. அரசனே வந்து கேட்டாலும் கூடாது.

அதற்குக் காரணம் உண்டு. நான் வருவதற்கு முன்னால் ஒருநாள் பக்கத்துப் பக்கத்து ஹாலில் ஒரு நிச்சயதார்த்தமும் ஒரு நினைவு விருந்தும் நடந்தனவாம். கடைசி நிமிடத்தில் யாரோ ஹாலை மாற்றச் சொல்ல, வாய்மொழியாகவே மாற்றினார்களாம். செத்தவர் படத்துக்கு மேலே இதய வடிவ பலூன் தொங்கியதாம். அந்தக் குடும்பத்துப் பெரியம்மா அழுத அழுகையைச் சொல்லும்போதெல்லாம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

பிறந்தநாள் விருந்துக்கென்று தனி முறை. கேக்கை மேனேஜரோ சமையல்காரரோ கொண்டு போகக் கூடாது. தலைமை மேசைக்குப் பரிமாறுகிற ஆள்தான் கொண்டு போக வேண்டும். "அவருக்குத் தண்ணி ஊத்தின கைதான் கேக்கும் குடுக்க வேணும். இடையில வேற ஆள் வந்து பேர் வாங்கப்படாது" என்பார் சார். கேப்டன் கத்தியை நாப்கினில் வைத்துப் பின்னால் போக வேண்டும். மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு வரிசையாக வர வேண்டும்.

இப்போது சரினாவைச் சொல்ல வேண்டும். தஜிகிஸ்தான்காரி. ஆனால் வளர்ந்தது மாஸ்கோவில். அவள் அம்மா அங்கே அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளைப் பெருக்கியவள். அண்ணனை ரயில் நிலையத்தில் வைத்துப் பிடித்து, பேப்பர் சரியில்லை என்று விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சரினா இங்கே எங்களிடம் பரிமாறுகிற வேலைக்கு வந்தாள். அல் கூஸில் வேலையாட்கள் தங்கும் ஸ்டாஃப் கேம்பில் இருந்தாள். ப்ரோபேஷன் என்கிற சோதனைக் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குள் எழுத்தில் ஒரு புகார் வந்தால் வேலை போய்விடும். விசாவும் போய்விடும். தஜிகிஸ்தானுக்குத் திரும்பிப் போக அவளுக்கு ஒரு வீடுகூட இல்லை. எங்கள் இருவர் பேச்சும் பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அந்த வருஷம் ரஷ்யாவில் அதிபர் தேர்தல் வரவிருந்தது. எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, சனிக்கிழமை மதியம் ஒரு ரஷ்யாக்காரர் பெயரில் பர்த்டே பார்ட்டி என்று போர்டில் இருந்ததுதான். தலைமை மேசை சரினா. பர்த்டே பேக்கேஜில் கேக் சேர்த்தி என்பதால் 'கேக் உண்டு'. கேக் செய்யும் பேஸ்ட்ரி பிரிவில் சிவகங்கை முருகேசனுக்குச் சரினாதான் பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். "என்ன தாயி, பேரு எழுதச் சொன்னா பானை வைக்கப் பிரிமணை பின்னச் சொல்லுற!" என்று அலுத்துக்கொண்டே அவர் சாக்லேட்டில் அதை இழைத்தார். எழுதிக் கொடுக்கும்போதே அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. எங்கோ கேட்ட பெயர்தான், ஆனால் ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நினைத்தாளாம்.

அன்று காலையில் அந்தப் பார்ட்டியின் ஆட்கள் வந்து சாமான் இறக்கினார்கள். பலூன் இல்லை, பரிசுப் பொட்டலம் இல்லை. பெரிய கொடி, மேடை மைக், ஆள் உயரப் படம். வாசலில் ஒரு மேசை போட்டு, அதில் தாளும் பேனாவும் அடுக்கினார்கள். படத்தைப் பார்த்ததும் சரினா என் கோட்டின் கையைப் பிடித்து நடைக்கு இழுத்தாள்.

"மேடம், இது பர்த்டே இல்ல. இந்த ஆள் பிரசிடெண்ட் எலக்‌ஷன்ல நிக்கப் போறார்."

"நின்னா நிக்கட்டும். அதுக்கு ஏன் நீ நடுங்குற?"

"எங்க மாதிரி ஆளுங்க எல்லாரையும் வண்டி ஏத்தி அனுப்புவேன்னு சொல்றவர் மேடம். ரஷ்யா ரஷ்யாக்காரனுக்கு மட்டும்னு ஊர் ஊராப் பேசுறவர். அவர் பேச்சு மேல கேஸ் நடக்குது. இவரை நிக்க விடலாமா கூடாதான்னு அங்க ஒரே சண்டை. நிக்கணும்னா ஆதரிக்கிறவங்க கையெழுத்து நிறைய வேணும். இங்க இருக்கிற ரஷ்யாக்காரங்ககிட்ட அதை வாங்கத்தான் வந்திருக்கார். அந்த மேசை அதுக்குத்தான்."

இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் அரசியல் கூட்டம் போட முடியாது. அதனால்தான் பர்த்டே என்று பொய் சொல்லி ஹாலை எடுத்திருக்கிறார்கள்! நாளைக்கு விஷயம் வெளியே தெரிந்தால் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். மாட்டுவது ஹோட்டல். அதிலும் முதலில் மாட்டுவது டியூட்டியில் இருந்த கேப்டன், அதாவது இந்தப் பிலோமினா.

அதற்குள் அவர்களுடைய ஏற்பாட்டாளர் வாதிம் வந்தார். மெலிந்த மனிதர், கையில் இரண்டு போன். சரினாவிடம் ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார். அவள் சரளமாகப் பதில் சொன்னாள். அந்தச் சரளத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. அவள் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் தஜிக் பெயரைப் பார்த்தார். நேராக என்னிடம் வந்தார்.

"இந்தப் பெண்ணை மாற்றுங்கள். படம் எடுப்பார்கள். தலைவருக்குப் பின்னால் இந்த முகம் தெரியக் கூடாது."

"என்ன முகம் சார்?"

"உங்களுக்கே புரியும்."

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. என் உடம்பெல்லாம் எரிந்தது. இருபது நாட்டுக்காரர்கள் சேர்ந்து துடைத்துப் பளபளக்க வைத்த ஹாலில் நின்றுகொண்டு, ஒரு பெண்ணின் முகத்தை எடுத்து மறைத்து வை என்கிறான்! "போர்டில் பெயர் எழுதியாகிவிட்டது சார். மாற்ற முடியாது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ஜெனரல் மேனேஜர். "பிலோமினா, ஒரு பெண்ணை மாற்றுவதற்கு என்ன கஷ்டம்? அவர் எழுத்தில் புகார் கொடுத்தால் அவள் வேலை அங்கேயே முடிந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்.

நான் யோகநாதன் சாரிடம் ஓடினேன். அவர் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"போர்டில என்ன கிடக்கு, பிள்ளை?"

"பர்த்டே பார்ட்டி சார்."

"தலைமை மேசை?"

"சரினா."

"கேக்?"

"உண்டு சார்."

"நல்லது... நல்லது..." குரல் தரையைத் தொட்டது. கரண்டியை வைத்துவிட்டு ஜெனரல் மேனேஜருக்குப் போன் செய்தார். "சேர், இது மீட்டிங் எண்டால் பெர்மிஷன் பேப்பரை அனுப்புங்கோ, நான் இப்பவே போர்டை மாத்திறன். பர்த்டே எண்டால் பர்த்டேதான் நடக்கும். ரெண்டும் இல்லாத ஒண்டு என்ர ஹோலில நடக்கப்படாது" என்று இங்கிலீஷில் சொன்னதைத்தான் நான் அவர் பேச்சிலேயே எழுதுகிறேன். மறுபக்கத்தில் போன் வைக்கப்பட்டது.

சார் என்னைப் பார்த்தார். "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? போய் வடிவா ஒரு பர்த்டே செய்யுங்கோ."

ஆனால் புகார் என்ற கத்தி சரினாவின் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அவளைத் தனியே கூப்பிட்டேன். "இது உன் பொழப்பு. உனக்குப் பயமா இருந்தா பின்னாடி நில்லு. யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க. அந்த ஆள் புகார் எழுதினா நான் உன்கூட வந்து நிப்பேன். ஆனா ஜெயிப்பேன்னு சொல்ல முடியாது."

அவள் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். "கேக் நான்தானே கொண்டு போகணும், மேடம்?"

"ஆமா. அது முறை."

"அப்ப நான்தான் கொண்டு போவேன்."

அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. தைரியத்துக்குச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் இறங்கினேன் வேலையில். ஸ்டோரில் இருந்த பலூன் அத்தனையும் வெளியே வந்தது. கொடிக்கு இந்தப் பக்கம் ரோஸ், அந்தப் பக்கம் நீலம். கையெழுத்து மேசையின் மேல் சாட்டின் துணி விரித்து, நடுவில் பூ வைத்து, 'பரிசுகள்' என்று அட்டை நிறுத்தினேன். தாள்களை மரியாதையாக ஒரு மூலைக்குத் தள்ளினேன். வாதிம் ஓடி வந்தார்.

"இது என்ன?"

"கிஃப்ட் டேபிள் சார். பர்த்டேக்கு வைப்போம். பேக்கேஜில் சேர்த்தி. காசு கிடையாது."

பர்த்டே இல்லை என்று எப்படிச் சொல்வார்? அவர் சொன்ன பொய்தானே! பலூனால் என்ன நஷ்டம் என்று நினைத்தோ என்னவோ, போய்விட்டார். சரினாவை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, தன் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுக் காட்டினார்.

விருந்தாளிகள் வந்து நிறைந்தார்கள். தலைவரும் வந்தார். நான் கொம்பு வைத்த ஆளை எதிர்பார்த்தேன். வந்தவர் நல்ல உயரம், நரைத்த தலை, எனக்கு இங்கிலீஷில் நன்றிகூடச் சொன்னார். ஆனால் சரினா தண்ணீர் ஊற்றியபோது தம்ளரை அவள் பக்கம் நகர்த்தாமல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். அந்த மணிக்கட்டைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன்.

அவர் எழுந்து மைக்குக்குப் போனார். கைதட்டல். கேமராக்கள் தூக்கப்பட்டன. அவர் தொண்டையைச் செருமினார். பேச்சு தொடங்கினால் அது கூட்டம். நான் விளக்குக்காரரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

ஹால் இருண்டது. 'ஹேப்பி பர்த்டே' பாட்டு முழங்கியது. கதவு திறந்தது. முன்னால் சரினா, கையில் மெழுகுவர்த்தி எரியும் கேக். பின்னால் கத்தியோடு நான். எனக்குப் பின்னால் முருகேசனிலிருந்து நேபாளத்துத் தம்பிகள்வரை எல்லோரும் கைதட்டிக்கொண்டு.

பாதி ஹாலைத் தாண்டும்போது ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஒருவர்கூட எங்களோடு பாடவில்லை. முன்வரிசையில் ஒரு வயதான அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருவர் தோளுக்குப் பின்னால் திரும்பித் தூ தூ என்று துப்புவதுபோல் செய்தார். மேசைத் துணியைத் தூக்கிவிட்டு அடியில் இருந்த மரப்பலகையைச் சிலர் தட்டினார்கள். அடப் பாவிகளா, ஒரு தஜிக் பெண் கேக் தூக்கி வந்ததற்கா இவ்வளவு தீட்டு என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. இன்னும் நிமிர்ந்து நடந்தேன்.

சரினா மேடைக்கு முன்னால் நின்றாள். பாட்டு நின்றது. தெள்ளத் தெளிவான குரலில், தலைவரின் முழுப்பெயரைச் சொல்லி, ரஷ்ய மொழியில் வாழ்த்தினாள். மைக் அதை ஹால் முழுக்கக் கொண்டுபோனது.

அந்த மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. ஓர் அடி பின்னால் போனார். கேக்கில் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்தார், மெழுகுவர்த்தியைப் பார்த்தார். ஊதவில்லை. ஊத ஒருவரும் முன்வரவில்லை. வாதிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பக்கத்துக் கதவு வழியாக விறுவிறுவென்று வெளியே போனார். பேச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் பின்னாலேயே கூட்டமும் கலைந்தது. அந்த அம்மாள் போகிற போக்கில் கையெழுத்துத் தாளைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடைக்கு வந்ததும் சரினா கேக்கை மேசையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"என்னடி ஆச்சு? புகார் எழுதப் போறான், நீ சிரிக்கிற!"

"மேடம், அவர் பிறந்தநாள் அடுத்த மாசம். வருஷா வருஷம் டீவியில காட்டுவாங்க, எல்லாருக்கும் தெரியும். ரஷ்யாவுல தேதிக்கு முன்னாடி பிறந்தநாள் வாழ்த்தே சொல்லக் கூடாது. சொன்னா அந்த வருஷமே விளங்காதுன்னுதான் துப்பினாங்க, மரத்தைத் தட்டினாங்க. அதுவும் எலக்‌ஷன் வருஷம்!"

நான் கத்தியைக் கேக் பக்கத்தில் வைத்தேன். "கேக்கை எடுக்கும்போதே உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே மேடம்."

ஜெனரல் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வாதிம் கத்திக்கொண்டிருந்தார். சரினா என் இடப்பக்கம், யோகநாதன் சார் வலப்பக்கம். ஜெனரல் மேனேஜர் அவர் புகாரை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"இவள் வேண்டுமென்றே செய்தாள்! அவருக்கு இன்று பிறந்தநாளே இல்லை!"

யோகநாதன் சார் மெதுவாக, மிக மெதுவாக, இங்கிலீஷில் கேட்டார்: "அப்படியானால் இன்று எங்கள் ஹாலில் நடக்கவிருந்தது என்ன, சேர்? சொல்லுங்கள். புகாரில் அதையும் சேர்த்து எழுதுவோம்."

வாதிம் ஜெனரல் மேனேஜரைப் பார்த்தார். ஜெனரல் மேனேஜர் பேனாவை மூடினார். வாதிம் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். "நல்லது" என்றார் சார், சத்தமாக. அவர் அதைச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

புகார் எழுதப்படவே இல்லை. சரினாவின் ப்ரோபேஷன் முடிந்து வேலை நிரந்தரமானது. அந்த ஆள் தேர்தலில் நிற்கவில்லை. கையெழுத்து போதவில்லை என்றும், கேஸால் தடுத்துவிட்டார்கள் என்றும் ஆளுக்கு ஒன்று பேசினார்களாம். எங்கள் கேக்கால்தான் என்று அவர் ஆட்களே சிலர் திட்டினார்களாம். ஒரு கேக்குக்கு ஒரு நாட்டுத் தேர்தல் அசையுமா, போங்கள்! எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஒரு பெண்ணை ஹாலிலிருந்து ஒளித்து வைக்கச் சொன்னார்கள், நாங்கள் வைக்கவில்லை. எனக்கு அது போதும்.

நான் ஓய்வு பெற்றபோது சரினா அதே ஹாலில் கேப்டன். பிரிவு விருந்துக்கு மறுவாரம் என் பிறந்தநாள். டிபார்ட்மெண்ட் பிள்ளைகள் எல்லாம், "ரெண்டையும் ஒண்ணாவே கொண்டாடிரலாம், ஒரே கேக்கா வெட்டிரலாம்" என்று குதித்தார்கள். சரினா ஒரே அதட்டு அதட்டினாள். போர்டில் அவளே எழுதியிருந்தாள்: பிலோமினா மேடம், பிரிவு விருந்து, கேக் இல்லை. அன்று ஒருவரையும் 'ஹேப்பி' என்ற சொல்லை வாயில் எடுக்க விடவில்லை.

மறுவாரம், சரியாகப் பிறந்தநாள் அன்று, பஸ் பிடித்து ஷார்ஜாவுக்கு வந்து கேக்கோடு கதவைத் தட்டினாள். "அன்னைக்கே வெட்டியிருக்கலாமேடி, எதுக்கு இவ்வளவு தூரம் அலைச்சல்?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விளையாடாதீங்க மேடம். முன்னாடியே வாழ்த்தினா நிஜமாவே கெடுதல் வரும். உங்களுக்குப் போய் நான் அப்படிச் செய்வேனா?"

அவளுக்கும் அந்த நம்பிக்கை உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாடி! அப்படியானால் அன்றைக்கு அந்த மனிதருக்கு அவள் எவ்வளவு மனதாரக் கேக் கொண்டுபோயிருக்கிறாள்!